மூச்சை முழுசா இழுக்கலையாம்

ராத்திரி இரண்டு மணி இருக்கும். முன்னறையில் வெளிச்சம் தெரிந்து எழுந்து போனேன். தங்கச்சி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் தலையணை, தலையணை மேல் இரண்டு கை, கைமேல் நெற்றி.

"என்ன பிள்ளே, படுக்கலையா?"

"படுத்தா முட்டுது எக்கா. இருந்தா கொஞ்சம் கொள்ளாம்."

ஒக்கி புயல் அடித்ததற்கு அடுத்த வருஷம், 2018 ஆனி மாதம். வெளியே விடாமல் சாரல். அவள் ஒவ்வொரு மூச்சையும் பாதி வழியில் நிறுத்தி விடுவது பக்கத்தில் நின்றால் தெரிந்தது. மூச்சு உள்ளே போகும், ஏதோ வாசலில் தட்டினது மாதிரி நிற்கும், திரும்பி வந்துவிடும். பேசினால் நாலு சொல்லுக்கு ஒரு முறை நிறுத்தினாள். பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறவள் அவள். குரல் ஓங்கி வராததால் பிள்ளைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு வாசிக்க வைக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிய வந்தது.

அவளுக்கு லூபஸ். 2014-ல், 23 வயதில் கண்டுபிடித்தார்கள். மூட்டு வலி, முடி உதிர்தல், வாய்ப்புண், வெயிலில் போய் வந்தால் இரண்டு கன்னத்திலும் சிவப்பு. நம் உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே எதிரி என்று எண்ணித் தாக்குகிற நோய். பத்துப் பேருக்கு வந்தால் ஒன்பது பேர் பெண்கள், அதிலும் பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்கள். தோல், மூட்டு, சிறுநீரகம் என்று எங்கும் போகும். நுரையீரலுக்கும் போகும். நான் தக்கலைப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மூச்சை இரண்டு மாதம் சரியாகப் பார்க்காமல் விட்டேன். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

முதலில் வலது பக்கம், கடைசி விலாவுக்கு மேலே ஒரு குத்தல். ஆழமாக மூச்சு இழுத்தால், இருமினால், தும்மினால் குத்தும். நுரையீரலைச் சுற்றியிருக்கும் உறையில் வீக்கம் வந்தால் இப்படித்தான் இருக்கும். லூபஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு எப்போதாவது ஒரு முறை இது வரும் என்பதால் நாங்கள் பயப்படவில்லை. வலி குளிகை போட்டாள், குத்தல் குறைந்தது. ஆனால் மூச்சு திரும்பவில்லை.

முதல் டாக்டர் வாயு என்றார். இரண்டாமவர் இழுப்பு, அதாவது ஆஸ்துமா என்று சொல்லி உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். அதை எப்படி உறிஞ்ச வேண்டும் என்று நானே கற்றுக்கொடுத்தேன். ஒரு பயனும் இல்லை. மூன்றாமவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "லங்ஸ் கிளியரா இருக்கு. கல்யாணம் ஆகலையா? மனசுல கவலை இருக்கும்" என்றார். எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு வெப்ராளம் என்று பெயர். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த பெரியம்மா, மைனி, அடுத்த வீட்டுக்காரி எல்லோரும் "வெப்ராளம் ஆக்கும், ரெண்டு நாள் ஊரு மாறி இருந்தா செரியாயிரும்" என்று சொல்லத் தொடங்கினார்கள். மூச்சு முட்டுகிற பெண்ணிடம் அது மனசிலிருந்து வருகிறது என்று நாலு பேர் சொன்னால், ஐந்தாவதாக அவளே சொல்லத் தொடங்கிவிடுவாள். இவளும் சொன்னாள்.

அந்த இரண்டு மாதத்தில் இரண்டு எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டு அறிக்கையிலும் ஒரே வரி: புவர் இன்ஸ்பிரேட்டரி எஃபர்ட். படம் எடுக்கும்போது நோயாளி மூச்சை முழுசாக இழுக்கவில்லை என்று அர்த்தம். படம் எடுக்கிற இடத்தில் ஆயிரம் பேருக்கு எழுதுகிற வரி அது. நானும் வாசித்தேன். "அடுத்த தடவ நல்லா இழுத்துப் பிடிச்சுட்டு நில்லு பிள்ளே" என்று அவளிடமே சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

நல்லா இழுக்கத்தான் செய்தாள். அதற்கு மேல் வரவில்லை. அவளுக்கு என்ன நோய் என்பதற்கு அந்த அறிக்கையில் இருந்த ஒரே சாட்சி அந்த வரிதான். அதை அவள் குறையாக எழுதினார்கள், நாங்களும் அப்படியே படித்தோம்.

எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எல்லை மாறினாலும், பெரிய நோய் என்றால் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏறுகிற பழக்கம் மாறவில்லை. ஆடி மாதத்தில் அம்மா, நான், அவள் மூன்று பேரும் போனோம். பஸ் படியில் ஏறவே அவள் இரண்டு முறை நின்றாள்.

அங்கே பார்த்த ருமட்டாலஜி டாக்டர், மூட்டு நோயும் லூபஸ் மாதிரி நோயும் பார்க்கிறவர், முதலில் கேட்டது புதுப் படத்தை அல்ல. "பழைய படம் ஏதாவது இருக்கா? நோய் வந்த சமயத்துல எடுத்தது?" அம்மா துணிக்கடைப் பை ஒன்றை எடுத்தாள். 2014-ல் எடுத்த படத்தை மெத்தைக்கு அடியில் மடங்காமல் வைத்திருந்தாள் அம்மா. ஏன் வைத்திருந்தாள் என்று அவளுக்கும் தெரியாது. காசு கொடுத்து வாங்கியதை எறிய மனம் வராது, அவ்வளவுதான்.

டாக்டர் மூன்று படத்தையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பேனா முனையால் முதுகுப் பக்கத்து விலா எலும்புகளை மேலிருந்து எண்ணினார், மலையாளமும் தமிழும் கலந்து, சின்னப் பிள்ளைக்கு எண்ணிக் காட்டுவது போல. 2014 படத்தில் நுரையீரலின் அடிமட்டத்துக்கு மேல் பத்து. நல்ல ஆரோக்கியமான மூச்சில் ஒன்பதோ பத்தோ தெரியும். அடுத்த படத்தில் ஒன்பதுக்குக் குறைவு. கடைசிப் படத்தில் எட்டு. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற தசையான உதரவிதானம் வலது பக்கம் இன்னும் மேலே ஏறிக் குன்று மாதிரி நின்றது.

"ரெண்டு மாசத்துல ரெண்டு தடவையும் இவ வேணும்னே மூச்சு இழுக்காம நின்னாளா?" என்று கேட்டார். எங்களைக் கேட்கவில்லை, படத்தைக் கேட்டார்.

தங்கச்சி அழுதுவிட்டாள். நோய் இருக்கிறது என்று தெரிந்து ஒருத்தி நிம்மதியில் அழுததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அடுத்து ஸ்பைரோமெட்ரி, மூச்சின் அளவையும் வேகத்தையும் அளக்கிற சோதனை. மூக்கில் கிளிப் போட்டு, வாயில் குழாய் வைத்து, முடிந்தமட்டும் இழுத்து, ஆறு விநாடியாவது விடாமல் ஊத வேண்டும். "இழு, இழு, இழு... இனி ஊது, ஊது, ஊது, விடாதே" என்று பக்கத்தில் நின்று சத்தம் போட்டுச் சொல்வார்கள். இழுப்பு உள்ளவர்களுக்குக் காற்று வெளியே வரும் வேகம் குறையும். இவளுக்கு வேகத்தில் குறை இல்லை, கொள்ளளவுதான் குறைவு. அவள் வயதுக்கும் உயரத்துக்கும் வர வேண்டிய அளவில் 47 சதவீதம். படுக்க வைத்து ஊதச் சொன்னபோது இன்னும் இறங்கியது. நிற்கும்போது வயிற்றில் உள்ளவை தாமாகக் கீழே இறங்கி உதரவிதானத்துக்கு வழி விடும். படுத்தால் எல்லாம் நெஞ்சுப் பக்கம் தள்ளும். வலுவுள்ள உதரவிதானம் அதைத் தாங்கும், வலுவிழந்தது தாங்காது. ராத்திரி இரண்டு மணி நாற்காலிக்கு விளக்கம் அந்த ஒரு அளவில் இருந்தது.

சி.டி. எடுத்தார்கள். நுரையீரல் திசுவில் தழும்பு இல்லை. ரத்தக்குழாயில் உறைந்த ரத்தக்கட்டி இல்லை. இதயத்தைப் பார்க்கிற எக்கோ ஸ்கேனில் நுரையீரல் ரத்த அழுத்தம் சரி. சளியில் காசநோய்க் கிருமி இல்லை. எல்லாம் சரியாக இருந்து மூச்சு மட்டும் பாதியாகப் போயிருந்தால் மிஞ்சுவது ஒன்று. அதன் பெயர் சுருங்கும் நுரையீரல். 1965-ல் ஹோஃப்பிராண்ட், பெக் என்ற இரு மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முதலில் எழுதினார்கள்: லூபஸ் நோயாளிகளுக்குக் காரணம் தெரியாத மூச்சுத் திணறல், படத்தில் நுரையீரல் சிறுத்துத் தெரிகிறது என்று. லூபஸ் உள்ளவர்களில் நூற்றில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வரும். ஏன் வருகிறது என்பதில் இன்றும் ஒரே கருத்து இல்லை. உதரவிதானத் தசை வலுவிழக்கிறது என்பது ஒரு கட்சி. உறையில் வந்த வீக்கத்தின் வலியால் உடம்பு தானாகவே ஆழமான மூச்சைத் தடுத்துவிடுகிறது, நாள்பட நாள்பட விரியாத நுரையீரல் விரிய மறந்து விறைத்துப் போகிறது என்பது இன்னொரு கட்சி. என் தங்கச்சியைப் பார்த்த எனக்கு இரண்டாவதுதான் மனசுக்குப் படுகிறது. குத்தல் முதலில் வந்தது, முட்டல் பிறகு வந்தது.

மருந்துக்கு வருகிறேன். அந்த டாக்டரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அவர் சொன்ன ஒரு விஷயம். இவ்வளவு அரிதான ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான நோயாளிகளை வைத்துச் செய்த பெரிய சோதனை எதுவும் கிடையாது, உலகத்தில் அங்கங்கே பத்துப் பேர், இருபது பேர் என்று வைத்தியம் பார்த்தவர்கள் எழுதி வைத்ததைக் கொண்டுதான் நானும் முடிவு எடுக்கிறேன், பெரும்பாலானவர்களுக்கு நன்றாகியிருக்கிறது என்றார். முன்பு போய்ப் பார்த்த இடங்களில் எல்லோரும் நிச்சயமாகப் பேசினார்கள், எல்லாம் தப்பாக இருந்தது. இவர் இவ்வளவுதான் தெரியும் என்று அளந்து சொன்னார். அதை நம்பினோம்.

பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு 30 மில்லிகிராம். கூடவே மூச்சுக்குத் தியோஃபிலின். லூபஸுக்கு ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்த ஹைட்ராக்சிகுளோரோகுயினும் அசத்தியோப்ரினும் அப்படியே. வலிக்குத் தனியாக மருந்து. அந்த வலி மருந்தை நிறுத்தக் கூடாது என்று அழுத்திச் சொன்னார், வலி இருக்கும்வரை உடம்பு ஆழமாக மூச்சு விடாது என்பதால். ஒரு நாளைக்கு மூன்று வேளை மூச்சுப் பயிற்சி. மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் கருவியை வாயில் வைத்து இழுத்தால் பந்து மேலே ஏற வேண்டும். முதல் வாரம் ஒரு பந்துதான் அசைந்தது. அம்மா அடுக்களை வாசலில் மரச்சீனி உரித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டாவது பந்து ஏறிய நாளில் கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வந்தாள்.

மூன்று மாதத்தில் 47 என்பது 58 ஆனது. அங்கேயே நின்றது. ஸ்டீராய்டைக் குறைத்தால் முட்டல் திரும்பியது. முகம் வீங்கி, சர்க்கரை ஏறி, ராத்திரி தூக்கம் போய், அவள் கண்ணாடி பார்ப்பதை நிறுத்தியிருந்தாள். அப்போதுதான் ரிட்டுக்சிமாப் பேச்சு வந்தது. எதிர்ப்பொருளை உண்டாக்குகிற பி அணுக்களை ஒழிக்கிற மருந்து. 2007 முதல் இந்தியாவிலேயே தயாராகிற வகை இருப்பதால் விலை இறங்கியிருந்தது, இருந்தாலும் அம்மாவின் இரண்டு வளையல் போனது. போடுவதற்கு முன் மஞ்சள் காமாலை பி வைரஸ், காசநோய் இரண்டுக்கும் சோதனை. உள்ளே ஒளிந்து கிடக்கும் கிருமி இந்த மருந்தால் தலைதூக்கும். நிமோனியாத் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டார்கள். பிறகு 1 கிராம், இரண்டு வாரம் கழித்து இன்னொரு 1 கிராம், சொட்டுச் சொட்டாக, ஒரு பகல் முழுக்க.

இரண்டாவது முறை படுத்திருந்தபோது எதிர்க் கட்டிலில் நம் கடற்கரைப் பக்கத்துப் பிள்ளை ஒன்று. 19 வயது. அவளுக்கும் லூபஸ், சிறுநீரகத்தில். இரண்டு நாளாகக் காய்ச்சல், மூச்சு முட்டு. நிமோனியா என்று எண்ணி ஊரில் ஆன்டிபயாட்டிக் ஏற்றியிருந்தார்கள். இருமலில் ரத்தம் இல்லை. ஆனால் ஹீமோகுளோபின் இரண்டு நாளில் 9.8-லிருந்து 6.4. படத்தில் இரண்டு பக்கமும் பஞ்சை உதறிவிட்டது மாதிரி வெள்ளை. ரத்தம் வெளியே எங்கும் போகவில்லை, உடம்பில் குறைகிறது என்றால் எங்கே போகிறது? நுரையீரலின் காற்று நுண்ணறைகளுக்குள்தான். லூபஸின் அரிய சிக்கல்களில் மிகக் கொடியது இதுதான். இருமலில் ரத்தம் வரும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். பலருக்கு அது வராமலேயே நோய் முற்றிவிடும். இந்தச் சிக்கல் வந்தவர்களில் பாதிப் பேர் இறந்த காலம் உண்டு.

அன்று ராத்திரியே தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். செயற்கை சுவாசம், மெத்தில்பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு நாளுக்கு 1 கிராம் வீதம் மூன்று நாள், ரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றுதல், எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற சைக்ளோஃபாஸ்ஃபமைடு. தொற்று இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு ஆன்டிபயாட்டிக்கும் கூடவே. அவள் அம்மா வராந்தாவில் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்றால் "பிள்ள கெடக்கு, நான் எப்பிடி இருக்க?" என்றார். இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. அந்த அம்மா எனக்கு போன் பண்ணி, வார்டுக்கு மாற்றிவிட்டார்கள், கட்டஞ்சாயா கேட்கிறாள், கொடுக்கலாமா என்று கேட்டார். மருந்துக்கடைக்காரி என்பதால் என்னிடம் கேட்டார். டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு போனை வைத்ததும் எனக்குக் கை நடுங்கியது.

இந்த இரண்டு பெண்களுக்கும் ஒரே நோய், ஒரே மூச்சு முட்டு. ஒருத்தியின் படம் தெளிவு, இன்னொருத்தியின் படம் வெள்ளை. ஒருத்திக்கு மாதக் கணக்கில் நேரம் இருந்தது, மற்றவளுக்கு மணிக் கணக்கில். லூபஸ் உள்ளவர் மூச்சு முட்டுகிறது என்றால் அது உறை வீக்கமாக இருக்கலாம், கிருமியாக இருக்கலாம், காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறியதாக இருக்கலாம், நுரையீரல் அழற்சியாக இருக்கலாம், ரத்தக்குழாய் அழுத்தமாக இருக்கலாம். ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து இன்னொன்றைக் கொல்லும் அளவுக்குக் கெடுக்கும். காசநோய்க்கு மருந்து இல்லாமல் ஸ்டீராய்டை மட்டும் கூட்டினால் நோய் பரவும். ரத்தக் கசிவைக் கட்டி என்று நினைத்து ரத்தத்தை இளக்கும் ஊசி போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஊகம் கூடவே கூடாது. நம் ஊரில் நாள்பட்ட இருமல் என்றால் முதலில் காசநோயைத் தேடுவது சரிதான், தேட வேண்டும். இல்லை என்று வந்த பிறகு தேடுவதை நிறுத்திவிடுகிறோம், அதுதான் தப்பு.

கவுண்டரில் நிற்கும்போது பார்த்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒரு நடுத்தர வயது மனிதர் கடையில் ஆள் குறையும்வரை அந்தப் பக்கம் நின்றார். பிறகு சீட்டை நாலாக மடித்து நீட்டினார். சில்டெனாஃபில் 20 மில்லிகிராம், நாளுக்கு மூன்று. அவர் மனைவிக்கு. லூபஸால் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறி, நாலு படி ஏறினால் மயக்கம் வருகிறவர். அந்தக் குழாய்களைத் தளர்த்த இந்த மருந்துதான் பல ஆண்டுகளாகப் பயன்படுகிறது. வேறொரு காரியத்துக்குப் பிரபலமான பெயர் என்பதால், முன்பு போன கடையில் சிரித்திருக்கிறார்கள். அவர் ஒரு வாரம் வாங்காமல் விட்டுவிட்டார். ஒரு வாரம் அந்த அம்மா மருந்தில்லாமல் இருந்திருக்கிறார். அன்றிலிருந்து எங்கள் கடையில் அந்தச் சீட்டு வந்தால் யாரும் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. உறையில் போட்டு, எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுத்துவிடுவோம்.

2020 மார்ச் கடைசி வாரத்தை எங்களால் மறக்க முடியாது. கொரோனாவுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் நல்லது என்ற பேச்சு கிளம்பியது. மார்ச் 23 அன்று மருத்துவப் பணியாளர்கள் முன்தடுப்பாக எடுக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொன்னது. இரண்டே நாளில் மொத்த வியாபாரியிடம் சரக்கு இல்லை. ஆரோக்கியமான ஆட்கள் அட்டை அட்டையாகக் கேட்டு வந்தார்கள். மார்ச் 26 அன்று மத்திய அரசு அதை மருத்துவச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அதற்குள் அலமாரி காலி. லூபஸ்காரர்களுக்கு அந்தக் குளிகைதான் அடித்தளம். அதை விட்டால் நோய் சீறும். தெரிந்த கடைகளுக்கெல்லாம் போன் போட்டு, குழித்துறையில் இரண்டு அட்டை, அழகியமண்டபத்தில் ஒன்று என்று சேர்த்தேன். என் தங்கச்சிக்கு மட்டும் இல்லை, எங்கள் கடையில் மாதா மாதம் வாங்குகிற ஏழு பேருக்கு. எட்டாவதாக ஒரு அம்மா, மகளுக்கு என்று வந்தார். அவருக்குக் கொடுக்க என்னிடம் பத்து நாளைக்குத்தான் இருந்தது.

தங்கச்சிக்கு இப்போது 71 சதவீதம். நூறு ஆகாது என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். ஸ்டீராய்டு 5 மில்லிகிராமுக்கு இறங்கிவிட்டது. அதை அவளாக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் உடம்பு தடுமாறிவிடும் என்று எங்கள் வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆண்டுக்கு ஒரு முறை கண் சோதனை. வெயிலுக்குக் குடை, முழுக்கைச் சட்டை. குமாரகோவில் படியில் நடுவில் ஒரு தடவை நின்று பைய ஏறுகிறாள். வகுப்பில் கரும்பலகை இல்லாமலேயே பாடம் சொல்கிறாள். ஒரு தலையணை வைத்துப் படுக்கிறாள்.

இப்போது எக்ஸ்ரே படமாகக் கையில் தருவதில்லை, போனில் அனுப்பிவிடுகிறார்கள். அம்மா விடமாட்டாள், காசு கொடுத்து அச்சுப் போட்டு வாங்கி வரச் சொல்வாள். போன மாதம் எடுத்த படம் வந்ததும் அதை ஜன்னலுக்கு எதிரே பிடித்தாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஈர்க்குச்சி ஒன்றை எடுத்து மேலிருந்து தொட்டுத் தொட்டு எண்ணினாள். பாதியில் தப்பிவிட்டது, மறுபடியும் முதலிலிருந்து. "ஒம்பது இருக்கு மக்களே" என்றாள். அடுக்களையிலிருந்து தங்கச்சி, "செரியா எண்ணுங்கம்மா, ஒம்பதரை இருக்கும்" என்றாள், ஒரே மூச்சில்.